போர் எங்கே திரும்பியது? இரண்டாம் உலகப் போரின் திருப்புமுனைகளைப் புரிந்துகொள்ள

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. காலையில் கொழும்புத் துறைமுகத்தின் மேல் ஜப்பானிய விமானங்கள் வந்து குண்டு போட்டன. நான்கு நாள் கழித்துத் திருகோணமலைக்கும் அதே கதி. அன்றைக்கே மட்டக்களப்புக்கு அப்பால் நடுக்கடலில் பிரிட்டனின் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது; அதில் இருந்தவர்களில் 300க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இடையில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. சென்னையில் சனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைக் காலி செய்தார்கள்.

இலங்கையைத் தாக்கிய படையில் ஐந்து விமானந்தாங்கிகள் இருந்தன: ஆகாகி, சோர்யு, ஹிர்யு, ஷோகாகு, சுய்காகு. இந்தியப் பெருங்கடலில் அவற்றை எதிர்த்து நிற்க அன்றைக்கு யாருக்கும் பலம் இல்லை. ஆனால் சரியாக இரண்டே மாதத்தில் முதல் மூன்று கப்பல்களும் பசிபிக் கடலின் அடியில் கிடந்தன. இந்த மாதிரி இடத்தைத்தான் வரலாற்றில் திருப்புமுனை என்கிறோம்.

பெரிய சண்டை எல்லாமே திருப்புமுனை ஆகிவிடாது. எத்தனை பேர் செத்தார்கள், எந்த ஊர் விழுந்தது என்பதை வைத்து மட்டும் அதை எடைபோட முடியாது. இரண்டு கேள்விகள் கேட்டால் போதும். முதலாவது, போரின் கடிவாளம் கை மாறியதா? அடுத்த சண்டை எங்கே, எப்போது என்று இதுவரை ஒருவன் முடிவு செய்துகொண்டிருந்தான். இனி அவன் எதிராளியின் முடிவுக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலைக்குப் போனானா? இரண்டாவது, தோற்றவன் இழந்ததைக் காலத்துக்குள் ஈடுகட்ட முடியுமா? துப்பாக்கியை மாதக்கணக்கில் செய்துவிடலாம். விமானந்தாங்கிக் கப்பலுக்கு ஆண்டுகள் ஆகும். கைதேர்ந்த விமானியை உருவாக்கவும் ஆண்டுகள் ஆகும். இரண்டாவது கேள்விதான் கனமானது, அதைத்தான் பலர் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்.

ஹவாயில் இருந்த அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரை எடுத்துக்கொள்வோம். 1941 டிசம்பர் 7 அன்று ஜப்பான் அங்கே எட்டு போர்க்கப்பல்களைத் தாக்கியது, 2,400 பேர் இறந்தார்கள். பார்வைக்கு ஜப்பானுக்கு மாபெரும் வெற்றி. ஆனால் அடிபடாமல் போனவற்றைப் பாருங்கள். அமெரிக்க விமானந்தாங்கிகள் ஒன்றுகூட அன்று துறைமுகத்தில் இல்லை. சுமார் 45 லட்சம் பீப்பாய் எண்ணெய் வைத்திருந்த தொட்டிகள் தப்பின. கப்பல் பழுதுபார்க்கும் உலர்துறைகளும் தப்பின. தாக்கப்பட்ட எட்டு கப்பல்களில் ஆறு பிற்பாடு சேவைக்குத் திரும்பின. அந்த உலர்துறையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மிட்வே: ஒரு காலைப்பொழுது

1942 மே முதல் வாரத்தில் பவளக் கடலில் ஒரு சண்டை நடந்தது. அதில் அமெரிக்காவின் யார்க்டவுன் விமானந்தாங்கியின் தளத்தைத் துளைத்துக்கொண்டு ஒரு குண்டு உள்ளே போய் வெடித்தது. பழுது பார்க்க மூன்று மாதம் ஆகும் என்று கணக்குச் சொன்னார்கள். மே 27 அன்று அது பேர்ல் ஹார்பருக்கு வந்து சேர்ந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இரவு பகலாக வேலை செய்து, முக்கியமான இடங்களுக்கு மட்டும் இரும்புத் தகடு ஒட்டி, மே 30 அன்று அதைக் கடலுக்கு அனுப்பிவிட்டார்கள். தப்பிய உலர்துறை இங்கேதான் கை கொடுத்தது. அதே சண்டையில் ஷோகாகு அடிபட்டது, சுய்காகு ஏராளமான விமானிகளை இழந்தது. ஜப்பான் அந்த இரண்டையும் நிதானமாகத் தேற்றிக்கொள்ளலாம் என்று ஊரில் நிறுத்தி வைத்தது. ஆக நடுப் பசிபிக்கில் அமெரிக்கா வைத்திருந்த மிட்வே தீவுக்கான சண்டைக்கு ஜப்பானின் நான்கு விமானந்தாங்கிகள், அமெரிக்காவின் மூன்று.

அமெரிக்காவுக்கு எப்படி முன்கூட்டியே தெரிந்தது? ஜப்பானிய சங்கேதத்தில் ஒரு பகுதியை ஹவாயில் இருந்த குழு உடைத்திருந்தது. தாக்கப்போகும் இடத்தின் பெயர் 'ஏ.எஃப்.' என்று மட்டும் தெரிந்தது. அது மிட்வேதானா என்று உறுதிசெய்ய ஒரு தந்திரம் செய்தார்கள். "எங்கள் குடிநீர் இயந்திரம் கெட்டுவிட்டது" என்று மறைக்காமல் வானொலியில் அறிவிக்கும்படி, ஒட்டுக்கேட்க முடியாத கடலடிக் கம்பி வழியாக மிட்வேக்குச் சொல்லி அனுப்பினார்கள். சீக்கிரமே ஜப்பானியச் செய்தி ஒன்று சிக்கியது: ஏ.எஃப்.-இல் குடிநீர்த் தட்டுப்பாடு.

ஜூன் 4 விடியற்காலை. ஜப்பானியத் தளபதி நகுமோ தன் விமானங்களில் ஒரு பாதியை மிட்வே தீவைத் தாக்க அனுப்பினார். மறு பாதியில் டார்பிடோ (நீருக்குள் பாய்ந்து கப்பலைத் தாக்கும் குண்டு) மாட்டி, எதிரிக் கப்பல் வந்தால் அடிக்க வைத்திருந்தார். போன விமானங்களிடமிருந்து "தீவை இன்னொரு முறை அடிக்க வேண்டும்" என்று செய்தி வந்தது. 7.15-க்கு, டார்பிடோவைக் கழற்றிவிட்டுத் தரைக்குண்டு மாட்டச் சொன்னார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, எதிரிக் கப்பல்கள் தெரிகின்றன என்று உளவு விமானம் சொன்னது. மறுபடி உத்தரவு மாறியது. அதற்குள் தீவுக்குப் போன விமானங்கள் எரிபொருள் தீரும் நிலையில் திரும்பி வந்து இறங்க இடம் கேட்டன. அவற்றை இறக்காவிட்டால் கடலில் விழும். இறக்கினால், அது முடியும்வரை வேறு எதையும் ஏவ முடியாது.

கப்பலின் உட்கூடத்தைக் கொஞ்சம் கற்பனை செய்யுங்கள். ஒரு டார்பிடோவின் எடை சுமார் 800 கிலோ. அதைத் தள்ளுவண்டியில் ஏற்றி, விமானத்தின் அடியில் கொண்டுபோய், கொக்கியை மாற்றி மாட்ட வேண்டும். கழற்றியதைக் கீழ்த்தளக் கிடங்குக்கு அனுப்ப நேரமில்லை. ஓரமாக உருட்டி வைத்தார்கள். சுற்றிலும் பெட்ரோல் குழாய்கள், எரிபொருள் நிரம்பிய விமானங்கள். ஜப்பானியக் கப்பல்களில் இந்தக் கூடம் நாற்புறமும் அடைக்கப்பட்ட அறை. உள்ளே ஒன்று வெடித்தால் வேகம் வெளியே போக வழி கிடையாது.

அமெரிக்க டார்பிடோ விமானங்கள்தான் முதலில் வந்தன. தாழ்வாக, மெதுவாக வந்த அவற்றில் பெரும்பாலானவை சுட்டு வீழ்த்தப்பட்டன. ஒரு படைப்பிரிவின் 15 விமானங்களும் விழுந்தன. அவற்றில் இருந்த 30 பேரில் பிழைத்தவர் ஒருவர். ஒரு டார்பிடோகூட இலக்கில் படவில்லை. ஆனால் அவர்கள் அடுத்தடுத்து வந்துகொண்டே இருந்ததால் ஜப்பானியக் கப்பல்கள் வளைந்து நெளிந்து ஓட வேண்டியிருந்தது. தளங்களும் காவல் விமானங்களை ஏற்றி இறக்குவதிலேயே கழிந்தன. எதிர்த்தாக்குதலுக்கு விமானங்களை மேலே கொண்டுவந்து வரிசைப்படுத்த நேரமே கிடைக்கவில்லை. காலை 10.20-ஐ ஒட்டி, உயரத்திலிருந்து செங்குத்தாகப் பாயும் குண்டுவீச்சு விமானங்கள் வந்தபோது மேலே தடுப்பார் இல்லை. சில நிமிடங்களில் ஆகாகி, காகா, சோர்யு மூன்றும் தீப்பிடித்தன. ஆகாகி மேல் நேராக விழுந்தது ஒரே ஒரு குண்டு. மிச்சத்தை உட்கூடத்தில் கிடந்த பெட்ரோலும் வெடிபொருளும் முடித்துவைத்தன. தப்பிய ஹிர்யு பழிக்குப் பழியாக யார்க்டவுனை அடித்தது. மாலையில் ஹிர்யுவும் எரிந்தது.

இங்கே பலரும் தவறாகச் சொல்லும் ஒரு விஷயத்தைத் திருத்த வேண்டும். மிட்வேயில் ஜப்பானின் சிறந்த விமானிகள் எல்லாரும் அழிந்தார்கள் என்பார்கள். அங்கே இறந்த ஜப்பானிய விமானப் பணியாளர்கள் நூற்றுச் சொச்சம் பேர்தான். விமானிகளைத் தின்றது அதற்குப் பின் வந்த குவாடல்கனால் தீவுச் சண்டை, 1942 ஆகஸ்ட் முதல் 1943 பிப்ரவரி வரை. ரபாவுல் தளத்திலிருந்து கிளம்பி, சுமார் 1,000 கிலோமீட்டர் பறந்து, சண்டை போட்டு, அதே தூரம் திரும்ப வேண்டும். சிறு காயம் பட்டாலும் வீடு சேர முடியாது. ஜப்பான் தன் தேர்ந்த விமானிகளைச் சாகும்வரை முன்னணியிலேயே வைத்திருந்தது. அமெரிக்கா அனுபவசாலிகளை நாட்டுக்குத் திருப்பி அழைத்து, புதியவர்களுக்குப் பாடம் எடுக்க வைத்தது. கடிவாளம் கை மாறியது மிட்வேயில்; ஈடுகட்ட முடியாத இழப்பு சேர்ந்தது குவாடல்கனாலில். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் பசிபிக் போர் புரியும்.

ஸ்டாலின்கிராட்: கணக்குத் தவறிய முற்றுகை

1942 கோடையில் ஹிட்லருக்கு வேண்டியிருந்தது காகசஸ் எண்ணெய். மைகோப், குரோஸ்னி, பாகு ஆகிய மூன்று இடங்களும் தெற்கே. வோல்கா நதிக்கரையில் இருந்த ஸ்டாலின்கிராட், அந்தப் படையெடுப்பின் பக்கவாட்டைக் காக்கும் இடம் என்ற அளவில்தான் முதலில் திட்டத்தில் இருந்தது. ஜூலையில் ஹிட்லர் படையை இரண்டாகப் பிரித்து, ஒன்றை எண்ணெய்க்கும் மற்றொன்றை நகரத்துக்கும் ஒரே நேரத்தில் ஏவினார். இரண்டுக்கும் போதிய எரிபொருளோ லாரிகளோ கிடையாது. மைகோப் ஆகஸ்டில் விழுந்தது, ஆனால் சோவியத்துகள் கிணறுகளைப் பாழாக்கிவிட்டுத்தான் போனார்கள்.

நகருக்குள் ஜெர்மானியரின் பெரிய பலம் பயனற்றுப் போனது. விமானம், பீரங்கி, டாங்கி மூன்றையும் ஒருங்கிணைத்துத் திறந்த வெளியில் பாய்வது அவர்கள் வித்தை. சோவியத் தளபதி சுய்கோவ் தன் ஆட்களை எதிரியின் முன்வரிசையோடு ஒட்டிக்கொண்டு இருக்கச் சொன்னார், கையெறி குண்டு வீசும் தூரத்தில். அப்போது மேலிருந்து குண்டு போட்டால் ஜெர்மானியர் மேலும் விழும். ஆட்களும் உணவும் இரவில் படகுகளில் வோல்காவைத் தாண்டி வந்தன. சோவியத் கனரகப் பீரங்கிகள் எதிர்க்கரையிலிருந்து சுட்டன.

நகரத்தில் ஜெர்மனியின் ஆறாவது ராணுவம் மாட்டிக்கொண்டிருக்க, அதன் இருபுறமும் காவல் நின்றது கூட்டாளியான ருமேனியப் படை. நீண்ட முனை, குறைந்த ஆட்கள், டாங்கிகளை நிறுத்தக்கூடிய பீரங்கிகள் சொற்பம். நவம்பர் 19 அன்று வடக்கிலும் மறுநாள் தெற்கிலும் சோவியத் படைகள் அடித்தது அவர்களைத்தான். உதவிக்கு வைத்திருந்த ஜெர்மன் டாங்கிப் படையில் ஒரு விபரீதம்: குளிருக்காக வைக்கோல் போட்டு மூடியிருந்த டாங்கிகளுக்குள் எலிகள் புகுந்து மின்கம்பிகளின் உறையைக் கடித்து வைத்திருந்தன. பல டாங்கிகள் கிளம்பவே இல்லை. நவம்பர் 23-இல் இரு சோவியத் முனைகளும் கலாச் பக்கம் சந்தித்தன. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் உள்ளே. பீரங்கிகளை இழுக்கும் குதிரைகளை ஏற்கெனவே குளிர்காலத்துக்காக மேற்கே அனுப்பிவிட்டிருந்ததால், வெளியேற நினைத்தாலும் கனரக ஆயுதங்களை எடுத்துக்கொண்டு போக வழியில்லை.

வான்வழியாகவே உணவும் எரிபொருளும் தந்துவிடலாம் என்று ஜெர்மன் விமானப்படைத் தலைவர் கோரிங் வாக்குக் கொடுத்தார். அதே ஆண்டில் டெம்யான்ஸ்க் என்ற இடத்தில் சுமார் ஒரு லட்சம் பேரை அப்படிக் காப்பாற்றியிருந்ததால் ஹிட்லரும் நம்பினார். கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். தேவை நாளுக்குச் சுமார் 500 டன். ஒரு யூ-52 சரக்கு விமானம் சுமப்பது ஏறக்குறைய 2 டன். அப்படியானால் ஒவ்வொரு நாளும் 250 தடவை இறங்கி ஏற வேண்டும், பனிமூட்டத்தில், எதிரி சுடும்போது, குறுகிய குளிர்காலப் பகலில். எஞ்சின் உறைந்துபோகும் குளிரில் கையிருப்பு விமானங்களில் பாதிகூடப் பறக்கும் நிலையில் இருக்காது. உண்மையில் போய்ச் சேர்ந்தது சராசரியாக நாளுக்கு 100 டன்னைச் சுற்றி. டிசம்பர் 24-இல் வெளியே இருந்த டாட்சின்ஸ்கயா விமானத்தளம் சோவியத் டாங்கிகளிடம் போனது. ஜனவரி 16-இல் உள்ளே இருந்த பிடோம்னிக் தளமும் போனது. ஒரு வீரனின் ரொட்டி நாளுக்கு 100 கிராமுக்கும் கீழே இறங்கியது. 1943 பிப்ரவரி 2 அன்று கடைசிப் பகுதியும் சரணடைந்தது. சிறைப்பட்ட சுமார் 91,000 பேரில் வீடு திரும்பியவர்கள் சில ஆயிரம்தான்.

எல் அலமைனும் குர்ஸ்க்கும் இங்கே சுருக்கமாகப் போதும். எகிப்தில் 1942 அக்டோபர் 23-இல் தொடங்கிய எல் அலமைன் சண்டையில், கடலுக்கும் கத்தாரா பள்ளத்துக்கும் இடையே சுமார் 60 கிலோமீட்டர் இடுக்கில் எரிபொருள் இல்லாத ஜெர்மன் தளபதி ரோமலை பிரிட்டிஷ் தளபதி மான்ட்கோமரி நசுக்கினார். சூயஸ் கால்வாய்க்கான ஆபத்து அத்தோடு ஓய்ந்தது. ரஷ்யாவின் குர்ஸ்க்கில் 1943 ஜூலை 5-இல் ஜெர்மனி தாக்கியது. புது பாந்தர் டாங்கிகளுக்காக ஹிட்லர் காத்திருந்த வாரங்களில் சோவியத்துகள் கண்ணிவெடியும் அகழியுமாக வரிசை வரிசையாகத் தடுப்பு கட்டிவிட்டார்கள். அதைப் பெரிய திருப்புமுனை என்று சொல்பவர்கள் உண்டு. என் பார்வையில் ஸ்டாலின்கிராடில் நடந்ததை அது உறுதிசெய்தது, அவ்வளவுதான்.

அட்லாண்டிக்: ஊர்ப்பெயர் இல்லாத திருப்புமுனை

வரைபடத்தில் அம்புக்குறி போட முடியாததால் இதைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். ஆனால் அமெரிக்காவிலிருந்து பிரிட்டனுக்குக் கப்பல் போகாவிட்டால் 1944-இல் பிரான்சின் நார்மண்டிக் கரையில் படை இறங்கியதே நடந்திருக்காது. 1943 மார்ச்சில் எச்.எக்ஸ். 229, எஸ்.சி. 122 என்ற இரண்டு சரக்குக் கப்பல் தொகுதிகளிலிருந்து மட்டும் 22 கப்பல்களை ஜெர்மன் நீர்மூழ்கிகள் மூழ்கடித்தன. இரண்டே மாதத்தில் நிலைமை தலைகீழ்: மே மாதத்தில் 40க்கும் மேற்பட்ட நீர்மூழ்கிகள் அழிந்தன, 24-ஆம் தேதி ஜெர்மன் தளபதி டோனிட்ஸ் வடக்கு அட்லாண்டிக்கிலிருந்து மிச்சத்தை விலகச் சொன்னார்.

என்ன மாறியது? அன்றைய நீர்மூழ்கி, நீருக்குள் ஓடுவதைவிட நீர்மேல் ஓடியதுதான் அதிகம். மேலே டீசல் எஞ்சினில் 17 நாட் வேகம் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர்). உள்ளே போனால் மின்கலத்தில் 7 நாட், அதுவும் சில மணி நேரத்துக்கு மட்டும். சரக்குக் கப்பல்கள் போவது 7 முதல் 9 நாட். ஆகவே நீர்மூழ்கியை உள்ளே அமுக்கிவிட்டாலே போதும், சரக்குக் கப்பல்கள் தப்பிவிடும். அமுக்குவதற்கு வேண்டியது மேலே ஒரு விமானம். நடுக்கடலில் எந்தக் கரையிலிருந்தும் விமானம் எட்டாத ஒரு இடைவெளி இருந்தது. கூடுதல் எரிபொருள் தொட்டி வைத்த லிபரேட்டர் விமானங்களும் சிறு விமானந்தாங்கிகளும் அதை அடைத்தன. 10 சென்டிமீட்டர் அலைநீள ரேடார் இருட்டிலும் நீர்மூழ்கியைக் காட்டியது. நீர்மூழ்கியில் இருந்த எச்சரிக்கைக் கருவிக்கு அந்த அலை கேட்கவே இல்லை.

இம்பால்: அதே கணக்கு, வேறு விடை

1944 மார்ச்சில் ஜப்பானியத் தளபதி முடகுச்சி மூன்று டிவிஷன்களோடு, சுமார் 85,000 பேர், பர்மாவிலிருந்து அங்குள்ள சிண்ட்வின் ஆற்றைத் தாண்டி மணிப்பூருக்குள் வந்தார். கையில் மூன்று வார உணவு. அதற்குள் இம்பாலில் பிரிட்டிஷ் கிடங்குகளைப் பிடித்துவிடலாம் என்பது திட்டம். சுமை தூக்கவும் வழியில் அடித்துச் சாப்பிடவும் ஆயிரக்கணக்கான மாடுகளை ஓட்டி வந்தார்கள். மலையேற முடியாமல் பெரும்பாலானவை வழியிலேயே செத்தன. சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய ராணுவமும் உடன் வந்தது. அந்த ராணுவத்தில் மலாயாத் தமிழர்கள் பெருந்தொகையாக இருந்தார்கள். எதிர்ப்பக்கம் பர்மாப் போர்முனையில் மெட்ராஸ் சாப்பர்கள் என்ற படைப் பொறியாளர்கள் பாலமும் பாதையும் அமைத்துக்கொண்டிருந்தார்கள்.

பிரிட்டிஷ் தளபதி ஸ்லிம் எல்லையில் நின்று சண்டை போடவில்லை. தன் படையை இம்பால் சமவெளிக்கு இழுத்துக்கொண்டார். அவருடைய உணவுப்பாதை சுருங்கியது, ஜப்பானியருடையது நீண்டது. வடக்கே கோஹிமா வழியாக வந்த சாலை அறுந்ததும் இம்பால் முழுக்கச் சூழப்பட்டது. ஸ்டாலின்கிராட் போலவே வானிலிருந்துதான் சோறு. இங்கே அது பலித்ததற்குக் காரணங்கள் உண்டு. வானம் நேச நாடுகளின் கையில் இருந்தது. சமவெளிக்குள் ஆறு விமானத்தளங்கள், அவை கடைசிவரை முழுதாகப் பறிபோகவில்லை. டக்கோட்டா சரக்கு விமானங்கள் பிற போர்முனைகளிலிருந்து கடன் வாங்கி வரப்பட்டன. முக்கியமாக, அரிசி இறக்கிய விமானம் வெறுமனே திரும்பவில்லை: காயம்பட்டவர்களையும், சண்டைக்கு வேண்டாத சுமார் 40,000 பேரையும் ஏற்றிப்போனது. சாப்பாட்டுத் தேவையே குறைந்தது.

கோஹிமாவில் ஒரு கட்டத்தில் துணை ஆணையர் பங்களாவின் டென்னிஸ் மைதானத்துக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று பதுங்குகுழி வெட்டி நின்றார்கள். ஜப்பானியத் தளபதி சடோ, மேலதிகாரியின் உத்தரவை மீறி, பட்டினி கிடந்த தன் ஆட்களைத் திருப்பி அழைத்துப் போனார். ஜூன் 22 அன்று இம்பால் சாலை மீண்டும் திறந்தது. பின்வாங்கும் வழியெல்லாம் பருவமழை, வயிற்றுப்போக்கு, மலேரியா. வந்தவர்களில் 50,000க்கும் மேற்பட்டோர் செத்தோ, காயம்பட்டோ, நோயில் விழுந்தோ போனார்கள்.

1944 ஜூன் மாதத்தை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள். 6-ஆம் தேதி நார்மண்டியில் ஒரே நாளில் ஒன்றரை லட்சம் பேர் கரையிறங்கினார்கள். அட்லாண்டிக் திறந்திருந்ததால் நடந்த காரியம். 22-ஆம் தேதி, இம்பால் சாலை திறந்த அதே நாள், பெலாரஸில் சோவியத்துகள் தொடங்கிய தாக்குதல் ஜெர்மனியின் மத்தியப் படைத்தொகுதியை நொறுக்கியது. ஜூலை 3-இல் மின்ஸ்க் விடுபட்டது. அதே ஜூன் 19-ஆம் தேதி பிலிப்பைன் கடலில், அரைகுறைப் பயிற்சியோடு ஏறிய ஜப்பானிய விமானிகள் ஒரே நாளில் 300க்கும் மேற்பட்ட விமானங்களை இழந்தார்கள். கொழும்பைத் தாக்கிய ஐந்தில் நான்காவதான ஷோகாகுவை அன்றைக்கு ஒரு நீர்மூழ்கி மூழ்கடித்தது.

மிஞ்சியது சுய்காகு. அக்டோபரில் பிலிப்பைன்ஸ் பக்கம் நடந்த லெய்ட்டே சண்டைக்கு அதையும் மற்ற மூன்று விமானந்தாங்கிகளையும் ஜப்பான் அனுப்பியது. நான்கு கப்பல்களுக்கும் சேர்த்து இருந்தவை சுமார் 110 விமானங்கள். ஏற்றிவிடப் போதிய விமானிகள் இல்லாததால் அவற்றுக்குத் தரப்பட்ட வேலை, அமெரிக்கக் கப்பல்களை வேறு பக்கம் இழுக்கும் தூண்டில் இரை. அக்டோபர் 25 பிற்பகலில் சுய்காகு மூழ்கியது.